ஸ்டென்ட் வைத்தார்களா, இல்லையா?

கேத் லேப் எனப்படும் இதயச் சிகிச்சை அறையின் மேசையில் ஒருவர் படுத்திருக்கிறார். ரத்தக்குழாய் வழியாக நுழைத்த மெல்லிய குழாய் இதயம் வரை போய் நிற்கிறது. காதில் ஹெட்போன், அதில் பாட்டு. தூக்க மருந்து ஏறி அவர் அசந்ததும், அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் அவருக்கு உண்டா இல்லையா என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்கிறது. உண்டு என்றால் மருத்துவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். இல்லை என்றால் எதுவும் செய்யாமல், குறைந்தது 15 நிமிடம் அவரை மேசையிலேயே கிடத்திவைத்துவிட்டு, குழாயை உருவி வார்டுக்கு அனுப்புகிறார்கள். வார்டில் இருப்பவர்களிடம் கேத் லேப் குழு வாய் திறப்பதில்லை. உள்ளே என்ன நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, அடுத்த ஆறு வாரம் அவரைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ரஷா அல்-லமீ, டேரல் ஃபிரான்சிஸ் ஆகியோரின் குழு, பிரிட்டனின் ஐந்து மருத்துவமனைகளில் நடத்திய இந்த ஆய்வின் பெயர் ஆர்பிட்டா. முடிவு 2017 நவம்பரில் ‘லான்செட்’ இதழில் வந்தது. 200 நோயாளிகள் விவரம் அறிந்து, சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் மேசையில் ஏறினார்கள். தனக்கு வெறும் பாவனைச் சிகிச்சை கிடைக்கலாம் என்று தெரிந்தும் இதயத்துக்குள் கம்பி விடச் சம்மதிப்பது சாதாரணக் காரியமல்ல. ஆய்வைப் பற்றி எழுதியவர்கள் இந்த 200 பேரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இது மாரடைப்பு வந்து ஆம்புலன்ஸில் வருபவர்களைப் பற்றிய ஆய்வே அல்ல. இதய ரத்தக்குழாய் திடீரென்று முழுதாக அடைபடும்போது ஒவ்வொரு நிமிடத்திலும் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். அப்போது அடைப்பை உடனே திறப்பது உயிரைக் காப்பாற்றும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கோவையைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சகாக்களும் தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து நடத்திய திட்டம் இதற்கு நம்மூர்ச் சான்று. உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை அருகிலிருக்கும் இடத்திலேயே கொடுத்துவிட்டு, பிறகு அடைப்பைக் கண்டறியும் ஆஞ்சியோ பரிசோதனைக்கு அனுப்புவது அதன் ஏற்பாடு. 2,420 நோயாளிகளைக் கணக்கில் எடுத்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது.

ஆர்பிட்டா எடுத்துக்கொண்டது வேறொரு கூட்டத்தை. மாடி ஏறினால் நெஞ்சு அழுத்தும், நின்றால் விட்டுவிடும்; மாதக்கணக்கில் இதே நிலைதான். இதை ஸ்டேபிள் ஆஞ்சைனா என்பார்கள். உலகம் முழுவதும் இவர்களுக்கு லட்சக்கணக்கில் ஸ்டென்ட் வைக்கப்படுகிறது.

அதன் பின்னால் இருக்கும் நியாயம் யாருக்கும் சட்டென்று புரியும். தண்ணீர்க் குழாயில் அடைப்பு, குத்திவிட்டால் தண்ணீர் ஓடும். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் 38 வயதுக்காரர் ஒருவரின் இதய ரத்தக்குழாயில் பலூனை ஊதி அடைப்பை விரித்தபோது தொடங்கிய யுகம் இது. விரித்த இடம் மறுபடி சுருங்காமலிருக்க 1986இல் உலோக வலையான ஸ்டென்ட் வந்தது. அப்புறம் மருந்து பூசிய ஸ்டென்ட். ஆஞ்சியோ அறிக்கையில் ‘80 சதவீத அடைப்பு’ என்று பார்த்துவிட்டால் நம் வீடுகளில் அன்றைக்கு யாரும் சாப்பிடுவதில்லை. அந்த அச்சத்துக்கு விலையும் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தலையிட்டு, மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்குச் சுமார் 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்க வேண்டியிருந்தது.

இந்த நியாயத்தின் மேல் முதல் பெரிய அடி 2007இல் விழுந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,287 ஆஞ்சைனா நோயாளிகளைக் கொண்டு நடந்த கரேஜ் ஆய்வில், பாதிப் பேருக்கு மாத்திரைகளும் வாழ்க்கைமுறை மாற்றமும் மட்டும். மறுபாதிக்கு அவற்றோடு ஸ்டென்ட்டும். சுமார் நாலரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இறப்பு அல்லது மாரடைப்பு ஸ்டென்ட் பிரிவில் 19 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 18.5 சதவீதம். இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் ஸ்டென்ட் தரப்பிடம் ஒரு பதில் மிச்சமிருந்தது: ஆயுள் கூடாவிட்டால் என்ன, நெஞ்சுவலி குறைகிறதே! நோயாளிகளே சொல்கிறார்களே!

அந்த வாக்குமூலத்தை எவ்வளவு நம்பலாம்? இதே கேள்வி இதற்குச் சுமார் ஐம்பது வருடம் முன்பே ஒருமுறை எழுந்து, சங்கடமான பதிலும் கிடைத்திருந்தது. 1950களில் ஆஞ்சைனாவுக்கு, மார்பெலும்பின் பக்கமாக இறங்கும் தமனியைக் கட்டிவிடும் அறுவை சிகிச்சை பிரபலமாக இருந்தது. அங்கே வழியடைத்தால் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் என்பது கணக்கு. செய்துகொண்டவர்களில் பலர் வலி பறந்துவிட்டது என்றார்கள். சியாட்டிலில் லெனார்ட் காப் 17 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்குத் தமனியைக் கட்டினார். மற்றவர்களுக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. இரு பிரிவினரும் ஒரே மாதிரி தேறினார்கள். 1959இல் அந்தக் கட்டுரை வெளியான பிறகு அந்த அறுவை சிகிச்சை மறைந்தே போனது. மாத்திரைக்குப் போலி மாத்திரை வைத்துப் பார்க்கும் மருத்துவ உலகம், ஸ்டென்ட்டுக்கு மட்டும் முப்பது வருடமாக அப்படிப் பார்க்காமல் இருந்தது என்பதுதான் வியப்பு.

ஆர்பிட்டா பார்த்தது. முதல் ஆறு வாரம் எல்லோருக்கும் மருந்துகளைச் சரிப்படுத்தினார்கள். இதயநோய் மருத்துவர் ஒருவர் வாரத்தில் ஒன்று முதல் மூன்று முறை தொலைபேசியில் விசாரித்தார். (இந்தக் கவனிப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்?) பிறகு 105 பேருக்கு ஸ்டென்ட், 95 பேருக்குப் பாவனை. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டபோது, ஸ்டென்ட் பிரிவினர் முன்பைவிடச் சராசரியாக 28.4 விநாடி கூடுதலாக நின்றார்கள், பாவனைப் பிரிவினர் 11.8 விநாடி. இடைவெளி 16.6 விநாடி. புள்ளியியலின்படி இது தற்செயலாகவும் வரக்கூடியது.

இத்தனைக்கும் அவர்களின் அடைப்பு சராசரியாக 84 சதவீதம். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்த ஓட்ட அளவீடுகள் நன்றாகவே உயர்ந்தன. ஓட்டம் கூடியது உண்மை, ஓடும் தெம்பு அந்த அளவுக்குக் கூடவில்லை.

மாநாடுகளில் புயல் அடித்தது. ஸ்டென்ட்டின் காலமே முடிந்தது என்று ஒரு சாரார் எழுதினார்கள். 200 பேர் போதாது, ஆறு வாரம் போதாது, மருந்து ஏற்கெனவே வலியைத் தணித்துவிட்ட பிறகு ஸ்டென்ட் எதைக் காட்டும் என்று மறுசாரார் வாதாடினார்கள். பாவனைச் சிகிச்சை நெறியற்றது என்ற குற்றச்சாட்டும் வந்தது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது: பாவனைப் பிரிவில் நான்கு பேருக்கு, அளவெடுக்கும் கம்பியே ரத்தக்குழாயில் சிக்கல் உண்டாக்கியதால், கடைசியில் ஸ்டென்ட் வைக்க நேர்ந்தது. ஆனால் பயன் உண்டா என்று பார்க்காமலே லட்சக்கணக்கானவர்களுக்கு ஒன்றைப் பொருத்துவது எந்த நெறியில் சேரும்?

ஆயுள் பற்றிய கேள்விக்கு இன்னொரு பெரிய ஆய்வும் விடை தேடியது. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரைச் சேர்த்த இஸ்கீமியா ஆய்வின் முடிவை ஜூடித் ஹாக்மன் 2019 நவம்பரில் அறிவித்தார். முதலில் மருந்து, தேவைப்பட்டால் மட்டும் ஆஞ்சியோ என்று ஒரு பிரிவு. உடனே ஆஞ்சியோ, பிறகு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று இன்னொன்று. ஐந்தாண்டு முடிவில் மரணம், மாரடைப்பு முதலிய விபரீதங்கள் முறையே 18.2, 16.4 சதவீதம், இந்த வித்தியாசமும் உறுதியானதல்ல. இடதுபக்கத் தலைமை ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தவர்களும், இதயத்தின் பம்ப் சக்தி மிகவும் குறைந்தவர்களும் இதில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அடிக்கடி வலி வந்தவர்களுக்கோ ஸ்டென்ட்டும் பைபாஸும் நிம்மதி தந்தன.

தண்ணீர்க் குழாய் நியாயம் பிசகுவது எங்கே? மாரடைப்பு பெரும்பாலும் வருவது ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால். கிழிவது மிக நெருக்கமான அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முப்பது, நாற்பது சதவீதம் மட்டுமே அடைத்திருந்த, யாரும் கண்டுகொள்ளாத திட்டாகவும் இருக்கலாம். ஸ்டென்ட் ஓரிடத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்டாட்டின், ஆஸ்பிரின், ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் ரத்தக்குழாய் முழுக்க வேலை செய்கின்றன.

அப்படியானால் வலி? அதே லண்டன் குழு தன்மேல் வந்த விமர்சனத்தை ஏற்று, 2023இல் ஆர்பிட்டா-2 முடிவை வெளியிட்டது. இம்முறை 14 மருத்துவமனைகள், 301 பேர். ஆஞ்சைனா மாத்திரைகள் எல்லாவற்றையும் முதலில் நிறுத்திவிட்டார்கள். நோயாளிகள் தினமும் கைபேசிச் செயலியில் வலியைப் பதிவு செய்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் ஸ்டென்ட் ஜெயித்தது: அந்தப் பிரிவில் வலி முற்றிலும் நின்றவர்கள் 40 சதவீதம், பாவனைப் பிரிவில் 15 சதவீதம். டிரெட்மில்லிலும் ஒரு நிமிடம் அளவுக்கு முன்னிலை. ஆக, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் ஸ்டென்ட் உண்மையான வழிதான்; அதைப் பாவனை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதே எண்ணைத் திருப்பிப் படித்தால், ஸ்டென்ட் வைத்த பிறகும் பத்தில் ஆறு பேருக்கு வலி முழுதாகப் போகவில்லை. அவர்களுடைய வலி அந்த அடைப்பிலிருந்துதான் வந்ததா? யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று குழு தன் தரவுகளைக் கிளறியபோது, நன்றாகத் துப்புக் கொடுத்தவற்றில் ஒன்று விலையுயர்ந்த ஸ்கேன் அல்ல. 1962இல் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கள ஆய்வுகளுக்காக எழுதிய சில கேள்விகள்தான். மேட்டில் ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் வலிக்கிறதா? வலித்தால் நிற்பீர்களா, மெதுவாக நடப்பீர்களா? நின்றால் பத்து நிமிடத்துக்குள் வலி விட்டுவிடுகிறதா? எங்கே வலிக்கிறது என்று காட்டுங்கள்.