கிண்ணமும் குடமும்

ஒரே ஒரு கிண்ணம்! அதைத் தேடி ஒரு ராஜசபையே காலியானது. ஆர்தர் ராஜாவின் வீரர்களைப் பற்றி இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய கதை இது. ஏசுநாதர் கடைசி விருந்தில் தொட்ட கிண்ணமாம் அது. தேடிப் போனவர்களில் பலர் திரும்பவில்லை.

இப்படி ஒரு பயணம் நம் நாட்டிலும் நடந்தது. ஆனால், இது கதையல்ல!

சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன், கங்கை நீர் கொண்டுவர ராஜேந்திர சோழன் தன் சேனாபதியை வடக்கே அனுப்பினான். வழியெல்லாம் யுத்தம். வங்கத்து மகிபாலன் களத்தை விட்டு ஓடினான். தோற்ற அரசர்களே நீரைச் சுமந்து வந்தார்கள் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. கோதாவரிக் கரையில் மன்னன் படையை எதிர்கொண்டான். பிறகு தலைநகரில் சோழகங்கம் என்ற பெரிய ஏரி உண்டாயிற்று. நீராலான வெற்றித் தூண் என்று செப்பேடு அதை வர்ணிக்கிறது.

சரி, கூடவே நடந்த சிப்பாய்? அவன் பெயர் அதில் இல்லை.

1998-ல் வந்த 'சேவிங் பிரைவேட் ரையான்' என்ற ஆங்கில யுத்தப் படத்திலும் ஒரு தேடல் உண்டு. தேடப்படுவது கிண்ணமல்ல, ஒரு சிப்பாய்! சகோதரர் மூவரும் மாண்டுவிட்டார்கள். தாய்க்கு மிஞ்சியவன் அவன் ஒருவனே. அவனைத் தேடி எட்டுப் பேர் போகிறார்கள். "ஒருவனுக்காக எட்டுப் பேர் சாவதா?" என்று அவர்களுக்குள்ளேயே முணுமுணுப்பு. கடைசியில் மிஞ்சுவது அந்த எட்டுப் பேரில் இருவர்தான்.

ஜெயங்கொண்டத்துக்கு அருகே கங்கைகொண்டசோழபுரம் கோயிலுக்கு மேற்கே சோழகங்கம் இன்றும் கிடக்கிறது. ஊரார் அதைப் பொன்னேரி என்கிறார்கள்.