காப்பு மலர் ஆவாரை

மலையையும் மரத்தையும் இறைவன் உறையும் இடமாகக் கண்டு வழிபட்டது தமிழர் மரபு. திருக்கோயில்தோறும் தலமரம் போற்றப்படுவதும் இம்மரபு பற்றியே ஆகும். நீர் வார்ப்பாரும் வேலியிடுவாரும் இன்றி, வறண்ட குன்றுகளின் சரிவிலும் அடிவாரத்திலும் தானே முளைத்துப் பொன்னெனப் பூக்கும் செடி ஒன்று உண்டு. அதுவே ஆவாரை. பழந்தமிழ் நூல்கள் இதனை ஆவிரை என வழங்கும்.

ஆவாரை, கொன்றைக்கு நெருங்கிய உறவுடைய புதர்ச்செடி. பெரும்பாலும் ஓராள் உயரம் வளர்வது. அறிவியலார் இதற்கு இட்ட பெயர் சென்னா ஆரிக்குலேட்டா. 'ஆரிக்குலேட்டா' என்பது 'காதுடையது' எனப் பொருள்படும். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற சிற்றிலைகள் இருத்தலின் இப்பெயர் அமைந்தது. ஐந்து இதழ்களையுடைய இம்மலரில் தேன் இல்லை. ஆயினும் வண்டினம் இதனை விடுவதில்லை. மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியே, வண்டு முரலும் அதிர்வினால் மகரந்தம் உதிர்கின்றது.

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களுள் ஆவிரையும் ஒன்று. குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் இம்மலர் வேறொரு நிலையில் வருகின்றது. காதல் கைகூடாத தலைவன், பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர்த்தெருவில் வரும்போது அணிவது ஆவிரை மாலை. எருக்கும் பூளையும் அவனுக்குரிய மலர்களே. ஊரார் நகைக்க வரும் ஒருவனுக்கு உரியதாய் இருந்த அப்பூ, பிற்காலத்தே மங்கலம் காக்கும் பூவாக உயர்ந்தது.

மார்கழி இறுதி நாளாகிய போகியன்று கொங்கு நாட்டிலும் பிற பகுதிகளிலும் ஆவாரம்பூ, சிறுபூளை, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டு இறவாரத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் விளைநிலத்திலும் செருகுவர். இதற்குக் காப்புக் கட்டுதல் என்று பெயர். தை பிறக்கும்போது மனையும் ஆவினமும் பயிரும் நோயின்றி விளங்க வேண்டும் என்னும் வேண்டுதலே இதன் உட்பொருள். தெலுங்கானாவில் இம்மலரைத் தங்கேடு என்பர். அம்மாநிலத்தின் மலரும் இதுவே. அங்கே பதுகம்மா விழாவில் மகளிர் இம்மலரையும் பிற மலர்களையும் கோபுரம்போல் அடுக்கி வழிபட்டு, இறுதியில் நீர்நிலையில் விடுவர். 'பதுகம்மா' என்பது 'வாழ்க தாயே' எனப் பொருள்படும்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பது தமிழ்ப் பழமொழி. வேர், பட்டை, இலை, பூ, விதை ஆகிய ஐந்தும் சித்த மருத்துவத்தில் பயன்படுதலின் இம்மொழி எழுந்தது. எனினும் நோயுடையார் மருத்துவரைக் கேட்டே இதனை உட்கொள்ளுதல் நலம். தழை வயலுக்கு உரமாயிற்று. வேர், மழையில் மண் சரியாதவாறு சரிவைப் பற்றி நிற்கின்றது.

இத்துணை நலம் தரும் செடிக்கு மனிதர் செய்த தீங்கும் உண்டு. முற்காலத்தில் தோல் பதனிடுதற்கு ஆவாரம்பட்டை பெரிதும் வேண்டப்பட்டமையால், செடிகள் மிகுதியாக வெட்டப்பட்டன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்த பின்னரே அத்தேவை குறைந்தது. இன்று போகிக்கு முன்னாள் கிளைகளை முறித்தும், செடியை வேரோடு பிடுங்கியும் கொண்டுவருவோர் உளர். காப்புக்கு வேண்டுவது ஒரு கொத்தே. பூவெல்லாம் பறிபோனால் காய் இல்லை. காய் இல்லையேல் விதை இல்லை. விதை இல்லையேல் மறு தலைமுறைச் செடி இல்லை. உயிர் காக்க வேண்டிக் கட்டும் காப்பு, ஓர் உயிரை வேரறுத்துப் பெற்றதாயின் அவ்வேண்டுதல் எங்ஙனம் நிறைவுறும்?

ஆதலின், குன்றேறி இறைவனைத் தொழவரும் அடியார்கள் வழியோரத்து ஆவாரையைக் காணுங்கால், வேண்டுமாயின் ஒரு கொத்து மட்டும் கிள்ளி, ஏனையவற்றைச் செடிக்கே விட்டுவைப்பாராக. அடுத்த தையிலும் அக்குன்று பொன் பூத்து நிற்க, அதனைப் படைத்தவன் அருள் மனைதோறும் தங்குவதாகுக.