எங்கிருந்து வந்தது இந்தப் புத்தகம்?

பழைய நூலகப் புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். மங்கிய முத்திரையும் அதற்குள் பேனாவால் எழுதிய ஓர் எண்ணும் இருக்கும். அதுதான் சேர்க்கை எண். நூலகர்கள் பேச்சில் ‘அக்செஷன் நம்பர்’. புத்தகம் எந்த அலமாரியில் இருக்கும் என்று அது சொல்லாது, அதற்கு வேறு எண் உண்டு. எப்போது, யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தது என்பதற்கு இதுதான் சாவி.

கெட்டி அட்டை போட்ட அகலமான நோட்டு, சேர்க்கைப் பதிவேடு. ஒரு பிரதிக்கு ஒரு வரி. பத்துப் பிரதி வந்தால் பத்து எண். இன்ன எண் முதல் இன்ன எண் வரை பதிவேட்டில் ஏற்றியாயிற்று என்று பில்லிலேயே நூலகர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் பட்டுவாடா ஆகும். புத்தகம் தொலைந்தாலும் அதன் எண் இன்னொன்றுக்குப் போகாது. குறிப்புக் கட்டத்தில் நீக்கிய உத்தரவை எழுதுவதோடு சரி. முத்திரைப் பக்கத்தைக் கிழித்துவிடும் புண்ணியவான்களுக்காக, உள்ளே ஒரு ‘ரகசியப் பக்க’த்திலும் எண்ணைப் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு.

பழக்கம் மிகப் பழையது. அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நினிவே நூலகத்துக்கு வந்த களிமண் பலகைகள், மெழுகு பூசிய எழுதுபலகைகள் பற்றி கி.மு. 647 வாக்கில் எழுதிய வரவுக் கணக்கு கிடைத்திருக்கிறது. யாருடைய சேகரிப்பு, என்ன வகை, எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாபிலோன் அவனிடம் வீழ்ந்திருந்தது. அலெக்சாந்திரியா நூலகத்துக்காகக் கப்பல்களிலிருந்து பறித்த சுவடிகளில் ‘கப்பலில் வந்தவை’ என்றே குறித்தார்கள் என்கிறார் மருத்துவர் கேலன். பறித்தவனும் கணக்கு எழுதத்தான் செய்தான்.

பெர்லினில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1943இல் அந்த நகர நூலகம், நாடுகடத்தப்பட்ட யூதர்களின் வீடுகளில் வாரிய 40,000க்கும் மேற்பட்ட புத்தகங்களை நகராட்சி அடகுக்கடை வழியாக வாங்கியது. அவற்றில் ஏறக்குறைய 2,000 தலைப்புகளை ‘ஜே’ என்ற தனிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. போர் முடிந்த பிறகும் புத்தகங்கள் அலமாரியிலேயே இருந்தன. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஊழியர்கள் பதிவேட்டைப் பிரித்துவைத்து, புத்தகங்களில் இருந்த கையெழுத்துகளையும் அன்பளிப்பு வரிகளையும் ஒப்பிட்டு, உரிய குடும்பங்களைத் தேடிப் புத்தகங்களைத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். குற்றத்துக்கு உடந்தையான அலுவலகமே தனக்கு எதிரான சாட்சியத்தை எழுதி வைத்திருந்தது.

நூல்பட்டியலைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. என்ன இருக்கிறது என்பதோடு பட்டியலின் வேலை முடிந்துவிடுகிறது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு இந்தத் தடி நோட்டின் மேல் பெரிய பிரியம் இல்லை. நூலைத் தேர்ந்தெடுக்கும்போது எழுதும் அட்டையே ஆர்டருக்கும் சேர்க்கைக்கும் போதும் என்றார். வேலை மிச்சம்தான். ஆனால் அட்டையை உருவிவிடலாம், தைத்த நோட்டில் தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். தணிக்கைக்காரர்கள் நோட்டின் பக்கமே நின்றதில் நியாயம் இருக்கிறது.

இப்போது எல்லாம் கணினிக்கு மாறுகிறது. மாற்றும்போது தலைப்பும் விலையும் ஏறிவிடும். கொடுத்தவர் பெயரும் குறிப்புக் கட்டமும் விட்டுப்போவது உண்டு. உங்கள் ஊர் நூலகத்திலோ கல்லூரியிலோ பழைய பதிவேடுகளை எடைக்குப் போடப் பேச்சு வந்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.