ஊக்கம் பிறகு வரட்டும்

டிப்ரஷன் என்று பரவலாகச் சொல்லப்படும் மனச்சோர்வு நோய்க்கு முதன்மையான அறிகுறிகள் இரண்டு: விடாமல் அழுத்தும் சோகம், எதிலும் நாட்டமற்றுப் போவது. இவற்றோடு களைப்பு, தூக்கக் கோளாறு, பசியின்மை, குற்ற உணர்வு போன்றவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை. உடற்பயிற்சி செய்ய எந்த ஊக்கம் வேண்டுமோ, அதைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. "எழுந்து நாலு சுத்து நடந்தா எல்லாம் சரியாயிடும்" என்று வீட்டார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. எழ முடியாமல் கிடப்பதே நோய் என்பது மறுபாதி. சோம்பேறிப் பட்டம் கட்டினால் குற்ற உணர்வு கூடுமே தவிர கால் நகராது.

நடந்தால் பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதைத் தொட்ட அல்லது கடந்த 156 நோயாளிகளுள் ஒரு பிரிவினர் பயிற்சி மட்டும் செய்தனர், ஒரு பிரிவினர் செர்ட்ரலின் என்னும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எடுத்தனர், மற்றவர்களுக்கு இரண்டும். 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தனர். ஆனால் மாத்திரை எடுத்தவர்களிடம் முன்னேற்றம் விரைவாகத் தெரிந்தது. 2024இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த, 218 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வும் நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பலன் இருப்பதைக் காட்டியது. ஒன்றை மறக்கக் கூடாது. டியூக் ஆய்வுக்கு வந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள். வாரம் மூன்று முறை, குழுவாக, ஒருவர் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்கள். கட்டிலைவிட்டு இறங்கவே முடியாதவருக்கு அந்த ஏற்பாடு வாய்ப்பதில்லை.

அவருக்குக் கைகொடுப்பது பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்னும் சிகிச்சை முறை. 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் செய்த பணிகளிலிருந்து வளர்ந்தது இது. மனம் தேறிய பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திருக்காமல், செயலை முன்னே வைத்தால் மனம் மெல்லப் பின்னே வரும் என்பது இதன் அடிப்படை. "தோன்றும்போது நடக்கலாம்" என்பதற்கு இதில் இடமில்லை. மாலை 5 மணி என்றால் 5 மணிதான். அதற்கு ஈடாக, வேலை மிகச் சிறியதாக இருக்கும். முதல் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைவரை போய்த் திரும்பினால் போதும். அதுவும் இயலாத நாளில் வாசல்வரை. போகும் முன் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், வந்தபின் எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். "இதனால் ஒன்றும் ஆகாது" என்று சாதிப்பது இந்த நோயின் குணம்; மதிப்பெண் இரண்டிலிருந்து மூன்றாகக் கூடிய நாள்கள் நினைவில் நிற்பதில்லை, நோட்டில் நிற்கும்.

அதிகாலை நடைதான் சிறந்தது என்ற அறிவுரை இங்கே பலருக்குப் பொருந்தாது. மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்குக் காலைதான் மிகக் கனமான பொழுது. மாலையில் சற்று இளகும். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் பாதை நலமாக இருப்பவருக்கு நல்லது. நோயின் பிடியில் இருப்பவருக்கு மொட்டைமாடியில் 8 நிமிடமே சாதனை. உலக சுகாதார அமைப்பு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைத்தாலும், சிறிதளவு அசைவும் அசைவின்மையைவிட மேல் என்றே சொல்கிறது. வீட்டார் செய்யக்கூடிய பேருதவி, "போய் நட" என்பதை விட்டுவிட்டு, தாமும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது.

சில எச்சரிக்கைகள். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, பி12 பற்றாக்குறை ஆகியவையும் இதே களைப்பைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை முதலில் நடக்கட்டும். இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் பிரசவித்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். லித்தியம் என்னும் மனநல மருந்தை எடுப்பவர் வெயிலில் வியர்த்து நீரிழந்தால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறக்கூடும். நடக்கத் தொடங்கியாயிற்று என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை வரக்கூடும், நோயும் திரும்பலாம். தற்கொலை எண்ணம் இருந்தால் உடற்பயிற்சி பற்றிய பேச்சே அடுத்தபடி; உடனடி உதவி வேண்டும். ஒன்றிய அரசின் டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பணத்திலும் ஓர் ஆபத்து உண்டு. சற்றுத் தெளிந்த ஒரு நாளில் ஜிம்முக்கு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பிறகு போக முடியாமல் தவிப்பவர்கள் பலர். போகாததற்காகப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். மாதக் கட்டணமே பாதுகாப்பு. ஜிம்மே மூடப்பட்டாலோ, சொன்ன சேவை தரப்படாவிட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையை அனைவருக்கும் உரிமையாக்குகிறது. நோய் பற்றிய விவரத்தை நோயாளியின் அலுவலகத்துக்கோ அக்கம்பக்கத்துக்கோ மருத்துவமனை வெளியிட 23ஆம் பிரிவு தடை விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. எனினும் பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருவதால், கவுன்சலிங் கட்டணம் அடங்குமா என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.