சாரணர் படைக்கு வெளி மாநிலக் கோடைப் பாசறை

பள்ளித் தேர்வுகள் நெருங்கும் பருவத்திலேயே சாரணர் படைகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: இவ்வாண்டுக் கோடைப் பாசறை எங்கே? தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இக்கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: பையன் பாசறைக்குப் போவதா, பாட்டனாரைப் பார்க்க ஊருக்குப் போவதா? இவ்விரண்டுக்கும் விடை காண உதவும் சில செய்திகளை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். சாரண ஆசிரியர்களுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் இவை பயன்படும். ஒப்புதல் தாளில் கையெழுத்திடுபவர்கள் அவர்களே அல்லவா?

சாரணர் இயக்கமே ஒரு பாசறையிலிருந்து பிறந்தது. 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பேடன் பவல் என்னும் படைத்தலைவர், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரௌன்சி தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களை அழைத்துச் சென்று கூடாரம் அமைத்தார். அவர்களுள் சிலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள்; சிலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். விடுதிப் பள்ளிகளில் பயின்ற செல்வச் சிறுவர்களுக்குக் கட்டணம் ஒரு பவுன். நகரத்து எளிய சிறுவர்களுக்கோ மூன்றரை ஷில்லிங். அந்நாளில் ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங் என்பதை நினைவிற் கொண்டால், எளியவர் செலுத்தியது ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு என்பது விளங்கும். ஆயினும் எல்லாரும் ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு, ஒரே தீவட்டத்தைச் சுற்றி அமர்ந்தார்கள்.

பாசறைக்கு இடம் தேரும் இலக்கணம் இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. படையிலேயே மிகச் சிறியவனும் மிக எளியவனும் வந்து, தங்கி, தன் வேலையைத் தானே செய்து, நலமாக வீடு திரும்பக்கூடிய இடமே தக்க இடம். வலிமையும் வசதியும் உள்ள பையன் எங்கும் சமாளித்துக்கொள்வான். அவனை அளவுகோலாகக் கொண்டு இடம் தேர்ந்தால் மற்றவர்கள் துன்புறுவர். சிலர் வராமலே நின்றுவிடுவர்.

எங்கே போகலாம் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் பார்ப்போம். நம் நாட்டில் பல பிரிவுகளாக இயங்கிவந்த சாரணர் அமைப்புகள் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ஒன்றாக இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. அடுத்த ஆண்டில் சாரணியரும் அதனோடு சேர்ந்தனர். இவ்வியக்கத்தின் தேசியப் பயிற்சி நிலையம் மத்தியப் பிரதேசத்தில், சாத்பூரா மலைத் தொடரிலுள்ள பச்மரியில் அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். அருவிகளும் மணற்பாறைக் குகைகளும் நிறைந்த ஊர். அதற்கு அண்மையிலுள்ள ரயில் நிலையம் பிபரியா. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் செல்ல வேண்டும். இட்டார்சிக்கும் ஜபல்பூருக்கும் இடையே பிபரியா இருப்பதால், மும்பைப் படைகள் பிரயாக்ராஜ் வழியாகச் செல்லும் வண்டிகளில் ஏறி நேரே வந்து இறங்கலாம். தில்லிப் படைகள் இட்டார்சி வழியாக வரலாம்.

தில்லிப் படைக்கு மற்றொரு வழி வடக்கே இமயச் சாரலில் சிம்லாவை அடுத்த தாராதேவி. கால்கா வரை பெரிய ரயில். பின்னர் 1903இல் திறக்கப்பட்ட 96 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய மலை ரயில். நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து செல்லும் அப்பயணமே சிறுவர்களுக்கு ஒரு பாடம். உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். கொல்கத்தாவிலிருந்து செல்வோருக்கு, அதே மாநிலத்திலேயே ஆனாலும், டார்ஜிலிங் மலை நினைவுக்கு வரும். அது 2,000 மீட்டரை எட்டுகிறது.

பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும். ஆகவே நாகபுரியில் வெயில் 45 பாகையைத் தொடும் மே மாதத்திலும் பச்மரியின் இரவு இதமாயிருக்கும். தாராதேவியின் இரவில் கம்பளி இன்றித் தூங்க இயலாது. மலை என்றால் குளிர் என்று எண்ணிப் பச்மரிக்கு மூட்டை மூட்டையாகக் கம்பளி சுமப்பதும், கோடைதானே என்று தாராதேவிக்கு ஒற்றைச் சட்டையோடு போவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். எளிய வீட்டுப் பையனிடம் நல்ல கம்பளி இராது. உயர்ந்த இடத்தைத் தேர்ந்தால், படையின் பொதுப் பண்டகத்தில் அவனுக்கென ஒன்று இருக்கிறதா என்று ஆசிரியர் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, எல்லாவற்றினும் முதன்மையான தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். நான் சாரண ஆசிரியனாக இருந்தபோது நேர்ந்த ஒரு தவற்றை மறைக்காமற் சொல்கிறேன். ஒரு மலையடிவாரத்தில் ஓடை ஒன்றைக் கண்டு மயங்கி, அவ்விடத்தையே கோடைப் பாசறைக்குத் தேர்ந்தேன். நான் பார்த்தது டிசம்பர் மாதம். ஓடையில் கணுக்கால் அளவு தெளிந்த நீர் சலசலத்தது. மே மாதத்தில் பிள்ளைகளோடு சென்று இறங்கியபோது அங்கே கூழாங்கற்களே கிடந்தன. ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு கிணற்றை ஊரார் மனமிரங்கிக் காட்டினார்கள். மூன்று நாள் முழுவதும் வாளி சுமந்தோம். பயிற்சி ஒன்றும் நடக்கவில்லை. பத்து வயது நிறைந்து அப்போதுதான் படையில் சேர்ந்திருந்த ஒரு சிறுவன், யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டான்; தான் குடித்தால் அண்ணன்மார் மீண்டும் நடக்க வேண்டுமே என்பது அவன் எண்ணம். மூன்றாம் நாள் மாலை அவன் மயங்கி விழுந்தான். நான்காம் நாள் பாசறையைக் கலைத்தோம். பையன் பிழைத்தான். அவன் தாயாரின் முன் நின்று விவரம் சொன்ன அந்த அரைமணி நேரத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

அதன் பிறகு நான் கைக்கொண்ட கணக்கு இது. குடிக்க, சமைக்க, கழுவ, சிக்கனமாகக் குளிக்க, ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். முப்பது சிறுவரும் பெரியவர் நால்வரும் என்றால் 680 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியில் நாற்பத்தைந்து வாளிக்கு மேல். இவ்வளவு நீர் கோடையின் கடைசி வாரத்திலும் அவ்விடத்தில் கிடைக்குமா என்று அந்த ஊரில் வாழ்பவரிடம் கேட்க வேண்டும். பெரிய ஊராயிற்றே என்று நம்பிவிடவும் கூடாது. 2018ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் சிம்லா நகரமே குடிநீரின்றித் தவித்ததை நாடு அறியும். கிடைக்கும் நீரையும் நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்; 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் கொதி வந்தபின் மூன்று நிமிடமேனும் அடுப்பில் இருக்கட்டும்.

நீர் இல்லாமை ஓர் இடர் என்றால், அறியாத நீர் அதனினும் பெரிய இடர். 2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், ஹைதராபாத்திலிருந்து இமாசலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா வந்திருந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றின் பாறைகளில் இறங்கி நின்றார்கள். மேலேயிருந்த லார்ஜி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. சில நிமிடங்களில் ஆறு பெருகியது. இளைஞரும் இளம்பெண்களுமாக 24 மாணவர்கள் மாண்டார்கள். வானத்தில் மழையில்லை, ஆற்றின் தோற்றத்தில் அச்சமூட்டுவது எதுவுமில்லை. அந்த ஆற்றின் இயல்பை அறிந்தவர் யாரும் அவர்கள் அருகில் இல்லை. வெளி மாநிலம் செல்லும் படைக்கு இதனினும் கசப்பான பாடம் வேண்டியதில்லை. பாசறைக்கு அருகே ஆறு இருந்தால், அதன் மேற்பகுதியில் அணை உண்டா, நீர் எப்போது திறக்கப்படும், இதற்குமுன் அங்கே யாரேனும் மூழ்கியதுண்டா என்னும் மூன்று கேள்விகளையும் உள்ளூராரிடம் கேட்க வேண்டும். திட்டமான விடை கிடைக்கவில்லையாயின் ஆற்றில் இறங்குவதில்லை என்று முதல் நாளே விதி செய்ய வேண்டும். நீந்தத் தெரியாத சிறுவன் அதைச் சொல்ல வெட்கப்படுவான் என்பதும் நினைவிருக்கட்டும்.

பருவத்தையும் எண்ண வேண்டும். டார்ஜிலிங்கில் ஜூன் தொடக்கத்திலேயே மழை வலுக்கும். பச்மரியில் பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதிக்குப் பின்னர். கூடாரத்தை நம்பிச் செல்வோர் அதற்கு முன்பே பாசறையை முடித்துவிட வேண்டும். மழை முன்கூட்டியே வந்துவிட்டால் ஒதுங்குவதற்கு ஓட்டுக் கட்டடமோ பள்ளிக்கூடமோ பக்கத்தில் இருக்கட்டும். நிலையான பயிற்சி நிலையங்களை நாடுவதில் உள்ள நன்மை இதுவே: கூடாரமும் உண்டு, கூரையும் உண்டு.

மருத்துவமனையைப் பற்றி, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பது போதாது. இரவு பதினொரு மணிக்கு அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும், அந்நேரத்தில் மருத்துவர் இருப்பாரா, பாம்புக்கடிக்கு மருந்து உண்டா என்று கேளுங்கள். மலைப்பாதையில் 50 கிலோமீட்டர் என்பது சமவெளியில் அதே தொலைவைப் போன்றதன்று. பையனுக்குச் சுமக்க வண்டி வேண்டும். அந்த வண்டி பாசறையிலேயே இரவில் நிற்க வேண்டும்.

பயணச் செலவே பல படைகளில் தேர்வை முடிவு செய்கிறது. ரயிலில் 60 நாட்களுக்கு முன்னர்தான் இப்போது முன்பதிவு தொடங்குகிறது. 2024 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள விதி இது. விடுமுறைக் கூட்டத்தில் முப்பது இடங்கள் எளிதிற் கிட்டா. ஆதலால் அதற்கு முன்பே இடமும் நாளும் உறுதியாகியிருக்க வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அரைக் கட்டணம் என்று பலர் இன்னும் கணக்கிடுகிறார்கள். தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்று 2016 ஏப்ரலிலேயே மாற்றிவிட்டார்கள். இரவுப் பயணத்துக்கு முழுக் கட்டணத்தையே கணக்கில் எழுதுங்கள்.

செலவு முழுவதையும் கூட்டிப் பார்த்து, ஒரு பையனுக்கு இவ்வளவு என்று கண்டபின், படையிலேயே எளிய வீட்டை மனத்தில் நிறுத்திக் கேளுங்கள்: இத்தொகை அவ்வீட்டாரால் இயலுமா? இயலாதென்றால் மூன்று வழிகள் உள்ளன. அண்மையான இடத்தைத் தேரலாம், நாட்களைக் குறைக்கலாம், அல்லது ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொது நிதியிலிருந்து குறையை நிரப்பலாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஆசிரியர் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லி உதவி அறிவிப்பது பிள்ளையின் நெஞ்சைப் புண்படுத்தும். மறு ஆண்டு அவன் வரமாட்டான்.

இவை யாவும் கடிதத்தால் மட்டும் தெளிவாகா. ஆசிரியரும் பெற்றோருள் ஒருவரும் முன்னரே ஒருமுறை நேரிற் சென்று வருவது நலம். பச்மரியைச் சூழ்ந்த காடுகள் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. நடைப்பயணம் செல்ல வனத்துறையின் அனுமதி தேவைப்படும். இயக்கத்தின் மாவட்ட, மாநில அலுவலர்களின் ஒப்புதலையும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலையும் பெற்ற பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும்.

இறுதியாக, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். பாசறையா, ஊரா? இரண்டும் இயலும். பாசறையை விடுமுறையின் முதல் வாரத்திலேயே வைத்துக்கொண்டால் எஞ்சிய நாட்கள் பாட்டனாருக்கும் பாட்டிக்கும் உரியவை. தில்லித் தமிழர் ஊருக்குச் செல்லும் ரயில் பாதை இட்டார்சி வழியாகவே போகிறது. ஆண்டுதோறும் நாம் கடந்து செல்லும் அந்நிலையத்திலிருந்து பச்மரி வெகு தொலைவில் இல்லை.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசி வளர்பவர்கள். பாசறையில் பிற மாநிலச் சிறுவரோடு கலந்து பழகும்போது அப்பழக்கம் பெருந்துணையாகும். அவர்களைத் தனிக் கூட்டமாக ஒதுக்கி வைக்காமல், அடுத்த கூடாரத்துப் பையன்களோடு ரொட்டி சுடவும் அவர்களுக்கு நம் சோற்றைப் பரிமாறவும் விடுங்கள். படை திரும்பி வரும் நாளில் ரயில் நிலையத்துக்கு வரும் பெற்றோர் முதலில் செய்வது தலைகளை எண்ணுவதே. புறப்பட்ட எண்ணிக்கை குறையாமல் வந்து சேர்வதற்கான வேலை, இடம் தேரும் இந்த மாதங்களிலேயே தொடங்குகிறது.