மயக்கம் தெளியும் வரையில்

நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் வளரும் விலங்குகள் வெறும் சொத்து அல்ல. தறியின் அருகே படுத்துறங்கும் நாயும், கொல்லையில் அசைபோடும் பசுவும், குழந்தைகளோடு குழந்தையாக வளரும் வெள்ளாடும் அக்குடும்பத்தின் அங்கத்தினர்களே. சங்கங்களைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும் நாம், பேரேட்டில் கறவை மாட்டுக் கடன் என்று எழுதப்பட்ட தொகைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சோறு இருப்பதை நன்கு அறிவோம். அத்தகைய உயிருக்கு நோய் முற்றி, மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறுங்கால் வீட்டார் கலங்குவது இயல்பே. ஆயினும் கலக்கத்தால் மட்டும் அந்த வாயில்லா ஜீவனுக்கு நன்மை விளைந்துவிடாது. அன்று வீட்டார் செய்யத் தக்கவை எவை, தகாதவை எவை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயக்கத்தை உறக்கம் என்று எண்ணுவோர் பலர். இரண்டும் ஒன்றல்ல. உறங்கும் நாயின் தொண்டையில் நீர் புகுந்தால் அது விழித்துக்கொண்டு இருமும். ஆழ்ந்த மயக்கத்திலுள்ள நாயால் இருமவும் இயலாது, விழுங்கவும் இயலாது. அவ்வமயம் இரைப்பையிலுள்ள உணவு மேலெழும்பி வந்தால், அது மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்கி உயிருக்கே உலை வைத்துவிடும். இதனைத் தவிர்க்கவே சிகிச்சைக்கு முன் உணவை நிறுத்தும்படி மருத்துவர் பணிக்கின்றார். எத்தனை மணி நேரம் என்பதை அவரே வரையறுக்க வேண்டும். பால்குடி மறவாத குட்டியையும் கன்றையும் நெடுநேரம் பட்டினி போட்டால் அவை சோர்ந்துவிடும். ஆதலின் எல்லாவற்றிற்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

ஒரு நெசவாளர் குடும்பத்தில் நிகழ்ந்தது ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. அவர்கள் வீட்டு நாயின் வயிற்றில் கட்டி ஒன்று வளர்ந்திருந்தது. குறித்த நாளன்று காலையில், பட்டினி கிடந்த நாய் முகத்தையே பார்த்து நின்றது பொறாமல், வீட்டுப் பாட்டி யாரும் அறியாமல் இரண்டு இட்டிலிகளைப் போட்டுவிட்டார். மருந்தகத்தில் மருத்துவர், "இன்று ஏதேனும் தின்றதா?" என்று வினவியபோது மகன் இல்லையென்றார். பாட்டியோ கூசாமல் முன்வந்து, "நான்தான் ஐயா போட்டேன்" என்றார். சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. ஒரு நாள் கூலி போயிற்றே என்று மகன் முணுமுணுத்தார். ஆனால் போகாமல் நின்றது நாயின் உயிர். இரக்கத்தால் செய்த பிழையை உண்மை திருத்திவிட்டது. மருத்துவரிடம் மறைப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை என்பதை நம் அங்கத்தினர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

மாடு, ஆடுகளின் நிலைமை வேறு. அவற்றின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையாகிய அசையூண் வயிற்றில் தீவனம் எப்பொழுதும் புளித்துக்கொண்டும் வாயுவை உண்டாக்கிக்கொண்டும் இருக்கும். ஓர் இரவுப் பட்டினியில் அது காலியாகிவிடாது. மாடு மயங்கி ஒருக்களித்துக் கிடந்தால் வாயு ஏப்பமாக வெளிவராமல் வயிறு உப்பி மூச்சை நெருக்கும். ஆகவேதான் பாலித்தீன் பைகளைத் தின்று அவதியுறும் பசுவிற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. லிக்னோகெய்ன் போன்ற மருந்தால் இடப்புறத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பசு நின்றபடியே இருக்க வயிற்றைத் திறந்து பைகளை அகற்றுகின்றனர். அமைதிப்படுத்தும் மருந்தாகிய சைலசீன் விஷயத்தில், குதிரைக்கு வேண்டிய அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டிற்குப் போதுமானது. இத்தகைய மருந்தைக் கைப்பழக்கத்தால் ஊசி போடுவோரிடம் மாட்டை ஒப்படைப்பது எவ்வளவு அபாயம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மருந்தகத்திற்குச் செல்லும்போது விலங்கு வழக்கமாகப் படுக்கும் சாக்கையோ, வீட்டாரின் பழைய வேட்டி, புடவையையோ உடன் கொண்டு செல்க. மருந்து நெடி சூழ்ந்த அவ்விடத்தில் பழகிய மணம் அதற்கு ஆறுதல் தரும். நாள்தோறும் தீனி வைப்பவரே உடன் இருத்தல் நலம். பத்துப் பேர் சூழ்ந்து நின்று புலம்பினால் அதன் அச்சம் பெருகும். அஞ்சித் துடிக்கும் விலங்கை மயக்குவதும் கடினமாகும். பழகிய பெயரால் தாழ்ந்த குரலில் அழைத்து, கழுத்தையும் முதுகையும் மெல்ல வருடிக்கொண்டிருந்தாலே போதும்.

மயக்கத்தில் கண்கள் திறந்தபடியே இருப்பதைக் கண்டு உயிர் போயிற்றோ என்று அஞ்ச வேண்டா. கண் உலராதிருக்க மருத்துவர் களிம்பு இடுவார். மயக்கத்தில் உடற்சூடு தணியும். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102 டிகிரி வரை இருப்பதால், நம் கைக்கு வெதுவெதுப்பாகத் தோன்றுவது அதற்குக் குளிராக இருக்கலாம். ஆதலின் உலர்ந்த துணியால் போர்த்துக. சுட்ட செங்கல்லையோ வெந்நீர்ப் புட்டியையோ உடலோடு ஒட்டி வைத்தல் ஆகாது. விலகிக்கொள்ள இயலாத உயிரின் தோல் வெந்துவிடும். மாட்டையும் ஆட்டையும் மார்பு தரையில் படியுமாறு வைக்கோலால் அணைகொடுத்து அமர்த்தி, எச்சில் வெளியே வடியும்படி வாயைத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

தெளியும் வேளையில் நாய் முனகும், தள்ளாடும், சில சமயம் வளர்த்தவரையே அறியாமல் கடிக்கவும் கூடும். அது நன்றிகெட்ட செயலன்று, மருந்தின் வேலை. குழந்தைகளை அருகில் விடாமல், மங்கிய வெளிச்சமுள்ள அமைதியான இடத்தில் கிடத்துக. திண்ணையும், படிக்கட்டும், கிணற்றடியும், குறிப்பாகத் தறிக்குழியும் அன்று அதற்குப் பகை. நன்றாக விழுங்கத் தொடங்கும் வரை நீரோ கஞ்சியோ புகட்டலாகாது; பின்னர்ச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை புண்ணை நக்கவிடாமல் கழுத்துப் பட்டையை அணிவிக்க வேண்டும். சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் மருத்துவரைக் கேளாமல் தடவ வேண்டா. ஈறு வெளுத்தல், மூச்சுத் திணறல், குருதி நில்லாமல் கசிதல், மாட்டின் இடப்புறம் உப்புதல், மறுநாளும் இரை எடாமை ஆகியவற்றில் எது தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வலிக்கு மருந்து கொடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. நாம் உட்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. டைக்குளோபினாக் மருந்தின் வரலாறோ இன்னும் துயரமானது. அம்மருந்து செலுத்தப்பட்டு இறந்த மாடுகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன என்பது 2004-இல் வெளிப்பட்டது. கால்நடைகளுக்காக அதனைத் தயாரிப்பது நம் நாட்டில் 2006-இல் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோபென், அசிகுளோபினாக் ஆகியவையும் 2023-இல் தடை செய்யப்பட்டன. கழுகுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் என்னும் மருந்து உண்டு. ஒரு மாட்டின் வலி நீங்க வானத்துப் பறவை மடிய வேண்டுவதில்லை.

இறுதியாக, கூட்டுறவாளர் என்ற முறையில் நமக்குள்ள கடமை ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் மருந்துகள் சில நாட்கள் பாலில் கலந்து வரும். மருத்துவர் குறிப்பிடும் நாள் வரை அப்பாலைச் சங்கத்தில் ஊற்றலாகாது. வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாகாது. பால் பணம் நின்றுபோன அந்நாட்களில் ஓர் ஏழைக் குடும்பம் படும் இடர் பெரிது. அதை அறிந்தும் பாலைத் தனியே கறந்து கொட்டிவிடும் அங்கத்தினரே உண்மையான கூட்டுறவாளர். அத்தகையோருக்குக் கையில் கிடைத்த வைக்கோலையும் சிறு உதவியையும் அளிப்பது அண்டை வீட்டாரின் கடமை. அன்று அவர் காத்தது தம் பசுவை மட்டுமன்று. அவ்வூர்க் குழந்தைகள் அனைவரின் கிண்ணத்தையும் காத்தார்.