சிறிய பெட்டியும் பெரிய செயலியும்

கணிப்பொறியின் மூளை செயலி என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்துவிட்டோம். ஆகவே விளையாட்டு திக்கித் திணறி ஓடினால், மூளையை மாற்றிவிட வேண்டியதுதான் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். சோழவந்தானில் எங்கள் வீட்டிலும் இதே வழக்குத்தான். வழக்குத் தொடுத்தவன் தம்பி. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான். பணம் தர வேண்டியவரோ வெற்றிலைக் கொடிக்காலில் பாடுபடும் எங்கள் தந்தையார்.

வழக்குக்குரிய பொருள், அலுவலகம் ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்று வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 என்னும் சிறிய பெட்டி. உள்ளிருப்பது 2012-இல் வந்த இன்டெல் ஐ3-3220. இரண்டே கோர்கள் உடையது. “அண்ணே, ஐ7 போட்டா எல்லாம் பறக்கும்” என்பது தம்பியின் வாதம்.

நினைத்த செயலியை நினைத்த பெட்டியில் பொருத்த இயலாது. தாய்ப்பலகையில் செயலி அமரும் இருக்கை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இப்பெட்டியில் இருப்பது எல்ஜிஏ 1155. அந்த எண், இருக்கையிலுள்ள ஊசிகளின் எண்ணிக்கை. (ஓர் ஊசி வளைந்தாலும் பலகையே வீணாகலாம், கைப்பதற்றம் உள்ளவர்கள் விலகி நிற்பது நலம்.) இதில் அமரத்தக்கவை ஐ5-3470, ஐ7-3770 போன்றவை. நான்கு கோர்கள் உண்டு. ஆனால் பழைய செயலிக்கு 55 வாட் கணக்கென்றால் இவற்றுக்கு 77 வாட். சிறிய பெட்டியில் அவ்வெப்பம் வெளியேற வழி குறைவு.

இனி விளையாட்டுக்கு வருவோம். எங்கள் ஊர்க் கொடிக்காலில் ஒருவர் வெற்றிலை கிள்ள, ஒருவர் கவுளி கட்டுவார். கட்டுபவர் கை மெதுவானால், கிள்ளுவோர் நால்வர் வந்தும் பயனில்லை, இலைதான் குவியும். ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார், குண்டு எதில் பட்டது என்று கணக்கிடுவது செயலி. அதைப் படமாகத் தீட்டித் திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் பகுதி. வேடிக்கை என்னவென்றால், ஐ3-3220, ஐ5-3470 இரண்டிலும் உள்ளது எச்டி 2500 என்னும் ஒரே வகைக் கிராபிக்ஸ்தான்! ஐ7-3770-இல் மட்டும் சற்று மேலான எச்டி 4000 உண்டு.

குற்றவாளி யார் என்றறிய எளிய சோதனை ஒன்றுள்ளது. ஆட்டத்தின் திரைத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் தடை கிராபிக்ஸில். கூடாவிட்டால் ஐயம் செயலி மீது. எங்கள் வீட்டில் வேகம் கூடியது. தம்பி முகம் வாடியது.

எனவே என் தீர்ப்பு: முதலில் நினைவகம். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத பெட்டியில் படமும் பொது நினைவகத்திலேயே தீட்டப்படுகிறது; ஒற்றைப் பட்டைக்குத் துணையாக இன்னொன்று சேர்ந்தால் பாதை இரட்டிக்கும். அடுத்து, தனி மின்கம்பி வேண்டாத, உயரம் குறைந்த ஜிடி 1030 அட்டை. இதிலும் ஒரே பெயரில் இரு வகைகள் உள. ஜிடிடிஆர்5 வகையின் நினைவகம் நொடிக்கு 48 கிகாபைட் கடத்தும்; டிடிஆர்4 வகையோ 17-ஐயும் எட்டாது. அட்டைப்பெட்டியின் எழுத்தைப் படிக்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. இவ்வளவுக்குப் பின்னும் ஆட்டம் தடுமாறினால் ஐ5 பற்றிப் பேசலாம்.

அதற்கு மேல் செலவிட நான் இசையவில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் இன்டெல் செயலிகளோ பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். எங்களுடையது மூன்றாம் தலைமுறை. தேர்வு விண்ணப்பங்களும் இதே பெட்டியில்தான் நிரப்பியாக வேண்டும். ஐ7-க்கென ஒதுக்கிய பணம், அடுத்த பெட்டிக்காக அம்மாவின் பொறுப்பில் இருக்கிறது.